மஞ்சள் போட்டு அலசிய மூளை

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் தேனியில் சொந்தமாக மிளகாய் மண்டி வைத்தேன். என் தம்பி பொன்னுராஜை மூளை ஆராய்ச்சிக்காரனாக ஆக்கினேன். அவன் படித்தது கொஞ்சம் இருக்கலாம். மீதியெல்லாம் நான்தான்.

மதுரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. பகலில் ஆட்டு மூளையை மெல்லிசாகச் சீவி, விசேஷ விளக்குப் போட்ட மைக்ராஸ்கோப்பில் பார்ப்பான். சாயங்காலம் வாரப் பத்திரிகைகளுக்கு மூளையைப் பற்றிக் கட்டுரை எழுதுவான். அது எனக்குப் பிடிக்காது.

"ஒரு ஆளு ரெண்டு கடை பாக்க முடியுமாடா?"

"நீங்க மண்டியும் பாத்து, ஊர் வம்பும் பாக்கலையாண்ணே?"

1976இல் அவன் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய, டில்லியிலிருந்து ஓர் அதிகாரி புதன்கிழமை வருவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி கெட்டு, அவன் சேர்த்து வைத்த மூளையெல்லாம் வீணாய்ப் போனது. மதுரைக் கறிக்கடைகளில் நசுக்கித்தான் தருகிறார்களாம். "நான் சொன்னா நம்ம ஊர்க் கறிக்கடை அம்மாவாசி பூப்போல எடுத்துக் குடுப்பான்" என்று தம்பியை ஞாயிற்றுக்கிழமை தேனிக்கு வரவழைத்தவன் நானே.

மருந்துத் தண்ணீர் நிரப்பிய ஆறு பாட்டில்களைக் கொடுத்தான். "எடுத்ததும் அப்படியே இதுல போட்டுருங்கண்ணே. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம். மெட்ராஸ் போறவர்கிட்ட மத்தியானம் கட்டுரையக் குடுத்தனுப்பணும், நான் அத முடிக்கிறேன்."

அம்மாவாசி சொன்னபடியே முழுசாக எடுத்தான். பார்த்தால் ஒரே ரத்தம். டில்லிக்காரர் பார்க்கப்போகிற பொருளை இப்படியா அனுப்புவது? எங்கள் வீட்டில் எந்தக் கறியும் மஞ்சள் போட்டு அலசாமல் சட்டியில் ஏறியதில்லை.

"தம்பி அப்படியேல்ல போடச் சொன்னாக, மொதலாளி?"

"படிச்சவனுக்குச் சுத்தம் தெரியுமாலே? மஞ்சளக் கொண்டா."

புதன்கிழமை அந்த விளக்கின் கீழே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் மின்ன வேண்டுமாம். அந்த வெளிச்சம் பட்டால் மஞ்சள் தானாகவே மின்னுமாம்; மூளை முழுவதும் வீரபாண்டித் திருவிழாவாக ஜொலித்திருக்கிறது. அதிகாரி அசந்துபோய் எழுந்து நின்றாராம். பிறகு பாட்டிலை மோந்து பார்த்தாராம்.

வேலை போயிற்று. தம்பி உட்கார்ந்து எழுதினான். நான் பழித்த அந்த எழுத்துதான் பதினொரு மாதம் அவன் வீட்டில் உலை வைத்தது.

முதலில் வந்த கட்டுரையில் அவன் போட்டோ இருந்தது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் இருந்த பிரதிகளை மொத்தமாக வாங்கி, பஜார் முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் என் மனைவி கஸ்தூரியம்மாள்தான் வாசித்தாள்.

"என்னங்க, இதுல மஞ்சளோட ஒரு அண்ணன் வாராக..."

அதற்குள் அல்லிநகரம் வரைக்கும் சிரித்து முடித்திருந்தார்கள்.

அந்தக் கட்டுரையைப் பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்யும் தமிழ்க்காரப் பேராசிரியர் ஒருவரும் வாசித்திருக்கிறார். "கெட்டுப்போன சோதனையை ஒளிக்காமல் எழுதுகிறவர்தான் எங்களுக்கு வேண்டும்" என்று தம்பியைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டார். எழுதவும் தடையில்லை. என் மஞ்சள் இல்லாமல் இது நடந்திருக்குமா? யாராவது சொல்லட்டும்.

பஸ் ஏறும்போது தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இனிமே எனக்காக ஒண்ணும் செய்யாதீக."

"சரிப்பா" என்றேன். அவனை எப்படி வேலை வாங்க வேண்டும் என்று பேராசிரியருக்கு நாலு பக்கக் கடிதத்தை முந்தின நாளே தபாலில் போட்டுவிட்டிருந்தேன்.