பட்டுச் சேலையில் ஊதுபத்தி

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். மைசூரில் ஒரு தொழிற்பள்ளியில் சினிமா கேமரா கற்றுக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊர் மார்டள்ளி, கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிராமம். படிப்பு முடிவில் ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் ராகிக் காட்டைப் பார்க்க வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு பேருக்கு ஒரு பிலிம் சுருள். அதற்கு மேல் கிடையாது. என் கூட்டாளி கன்னடக்காரன். மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் ஊதுபத்தி உருட்டும் ஒரு அக்காவை எடுப்பது என்று முடிவு செய்தோம். அவரும் எங்கள் கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க்காரர். வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து உருட்டுவார். கை போகிற வேகத்தில் குச்சி கண்ணுக்குத் தெரியாது.

"நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கக்கா" என்றேன். தலையாட்டினார். கேமராவின் சாவியை முடுக்கிப் பொத்தானை அழுத்தினேன். அது கிர்ரென்று ஓட ஆரம்பித்ததும் அக்கா கல்லாகிவிட்டார். கண்கூட இமைக்கவில்லை.

"உருட்டுங்கக்கா!"

உதடு அசையாமல் பதில் வந்தது. "அசைஞ்சா படம் கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியாதா தம்பி? கல்யாணத்தப்போ ஸ்டுடியோவுல நின்னவ நான்."

நிறுத்தினேன். அது வேறு, இது வேறு என்று சொல்லிப் பார்த்தேன். சரி சரி என்று உள்ளே போனவர் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர், கோட்டு போட்டு, தலை வாரி. குடும்பப் படம் என்று நினைத்துவிட்டார் போல. மனைவி தோளில் கை வைத்து அவரும் விறைத்து நின்றார். மறுபடி முடுக்கினேன். மறுபடி கல், இந்தத் தடவை இரண்டு. சுருளில் பெரும்பகுதி போய்விட்டது. எனக்கு ராகிக் காடு தெரிந்தது.

கூட்டாளி சலித்துப்போய், "ஆயித்து, ஆயித்து, பிடு" என்றான். முடிந்தது, விடு என்று.

அக்கா மூச்சை விட்டார். "கையை எடுங்க, தோள் மரத்துப்போச்சு. கோட்டுல பாச்சை உருண்டை நாத்தம் வேற."

"நீ மட்டும் என்னவாம்? போலீஸ்காரன் மாதிரி முறைச்சிட்டு நின்னே."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடியே, கட்டிய பட்டோடு உட்கார்ந்து உருட்ட ஆரம்பித்தார். கை தன்பாட்டுக்கு ஓடியது.

நான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. மிச்சப் பிலிம் தீரும்வரை ஓடவிட்டேன்.

பிலிமைக் கழுவ மதராஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்ததும், விறைத்து நின்றதையெல்லாம் வெட்டிவிட்டு, பள்ளிச் சுவரில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினோம். வாத்தியார் இன்னொரு தடவை போடச் சொன்னார். தேறிவிட்டேன்.

அக்காவும் வீட்டுக்காரரும் வந்திருந்தார்கள். அக்காவுக்குத் திருப்தியில்லை. "நான் நல்லா நின்னேனே, அது எங்கே தம்பி?" என்றார். வீட்டுக்காரர் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பப் போட முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். போட்டேன்.

பிறகு வெகுகாலம் கேமராதான் சோறு போட்டது. எதிரில் இருப்பவர் படம் எடுத்து முடிந்தது என்று நினைத்த பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிற பழக்கம் அந்த வாசலில் வந்தது; கேமராவைக் கீழே வைத்துவிட்ட இந்த வயதிலும் மனுஷரை அப்படித்தான் பார்க்கிறேன்.