நானூறு மீட்டர் மட்டும் கூட்டினார்கள்

மாலை நான்கு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் மகள் எல்லைக்கோட்டைத் தாண்டினாள். நேரம் இவ்வளவு சரியாகத் தெரியக் காரணம், கோட்டருகே நின்று கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்தியவள் நான்.

என் கணவரிடம் கல்லூரிக் காலத்து டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அது கால் மைலை எத்தனை விநாடியில் கடந்தது என்பது எங்கள் வீட்டில் ஓயாத பேச்சு. கல்யாணமான புதிதில் இருபது விநாடி என்றார். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது பதினெட்டு. போன பொங்கலுக்குப் பதினைந்து. வண்டிக்கு வயதாக ஆக, அது முன்பு ஓடிய வேகம் மட்டும் கூடிக்கொண்டே வந்தது. இதற்குச் சாட்சி ஒரு நண்பர். அன்று கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துண்டை ஆட்டியவர்.

தூரத்துக்கு ஆதாரம், ஆற்றங்கரைச் சாலையின் பர்லாங்கு கற்கள். இரண்டு பர்லாங்கு ஒரு கால் மைல். சென்னையில் வேலை பார்க்கும் மகள் விடுமுறைக்கு வந்தபோது அதைக் கைப்பேசியால் அளந்தாள். நானூறு மீட்டர் வர வேண்டிய இடத்தில் முந்நூற்றுப் பத்துதான் வந்தது. கடைசிக் கல்லை யாரோ எப்போதோ பிடுங்கி, மாடு கட்ட வசதியாக மதகுக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார்கள்.

"அப்பா, நீங்க மாட்டுக் கல்லு வரைக்கும்தான் ஓட்டியிருக்கீங்க!"

அந்த மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அவளுடைய பேட்டரி ஸ்கூட்டரோடு போட்டி போட்டு புதிய பைபாஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். அந்த நண்பர் என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார்.

குறுவை அறுவடை நேரம். சாலையின் ஒரு பக்கம் நெடுக நெல் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லுக்குச் சொந்தக்காரப் பெண் சாக்கு எடுத்துவரப் போயிருந்தார். கேட்டுவிட்டுத் தள்ளலாம் என்றேன்.

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? நம்ம நெலத்துல வேலை பார்த்தவங்கதானே" என்றார் கணவர்.

அந்த நிலம் அவருடைய அப்பா காலத்திலேயே விற்றுப்போனது. வாங்கியது அந்தப் பெண்ணின் வீட்டார்.

இரண்டு கனவான்களும் அங்கே கிடந்த பலகையால் நெல்லை ஓரமாகத் தள்ளி, துடைப்பத்தால் கூட்டினார்கள். சரியாக நானூறு மீட்டர். அதற்கு மேல் ஒரு சாண்கூட இல்லை. கோட்டுக்கு அப்பால் நெல் பரப்பியபடியே கிடந்தது. நெல் இல்லாத பக்கத்தைக் கணவர் எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்கதான் ஜட்ஜு" என்ற நண்பர் மகளிடம் திரும்பினார். "ஏம்மா, இது வண்டியா, மாவாட்டுற மிஷினா?"

"உங்க வண்டியில சத்தம்தான் அங்கிள் முன்னாடி போகும். வண்டி பின்னாடி மெதுவா வரும்."

துண்டு விழுந்தது. பாதித் தூரத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. மகள் கோட்டைத் தாண்டியதும் குனிந்து எண்ணைப் பார்த்தேன். பதினேழு. நிமிர்ந்தபோது அவள் நெல்லின்மேல் பிரேக் பிடித்திருந்தாள். ஸ்கூட்டர் ஒரு பக்கம் போனது, அவள் ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டு போனாள். ஹெல்மெட் மட்டும் என் பிடிவாதத்தால் தலையில் இருந்தது.

பிரேக் பிடித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் கணக்குப் போடுகிறவள் நான். அவர்களை என்ன சொல்லித் திட்டினாலும் இதுவும் கூடவே வருகிறது.

"அம்மா, வலது கால் இருக்கிறதே தெரியலம்மா" என்றாள்.

விரலை அசைக்கச் சொன்னேன். ஷூவுக்குள் அசைந்ததா என்று தெரியவில்லை. கழற்றப் பயமாக இருந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சிரைக்க ஓடிவந்த நண்பர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை செகண்டு டீச்சர்?"

கணவர் வெளிறிப்போய் நின்றார். "துண்டு விழறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா" என்றார். பயத்தில் உளறினேன் என்று பிறகு சொன்னார். இருக்கலாம். முப்பது வருடமாக உளறுகிற அதே விஷயத்தைத்தான் அப்போதும் உளறினார். பிறகு திடீரென்று குனிந்து, "தூக்கு, கார்ல போட்டுட்டுப் போயிடலாம்" என்றார்.

"கைய எடுங்கய்யா!"

நெல்லுக்காரப் பெண் சாக்குகளோடு ஓடிவந்துகொண்டிருந்தார். "காலைத் தொடாதீங்க. ஒடஞ்சிருந்தா இன்னும் கெட்டுப்போவும்." கணவர் கையை எடுத்தார். அந்தப் பெண் ஒரு சாக்கை மடித்து மகளின் தலைக்குக் கீழே வைத்தார், இன்னொன்றை விரித்து முகத்துக்கு நிழல் பிடித்தார். நெல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இருபது நிமிடம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய நர்ஸ் சின்னப் பெண்தான். ஷூவைக் கத்தரித்து எடுத்து, பாதத்தில் கிள்ளினார். மகள் கத்தினாள். கட்டைவிரல் அசைந்தது.

"நல்லாக் கத்தும்மா, கத்துனாத்தான் நல்லது" என்ற நர்ஸ் என்னைப் பார்த்தார். "எலும்புதாங்க போயிருக்கு. நடந்துரும் பொண்ணு. ஒருத்தர்தான் கூட வரலாம். அம்மா, நீங்க ஏறுங்க."