வாயில் ஊற்றிய பிராந்தி

சம்பவநாத நயினாரை நினைத்தாலே என் மேல் எனக்கே அருவருப்பு வரும். அந்த மனிதருக்கு நாங்கள் செய்தது அப்படி.

செஞ்சியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில்லில் அவரும் நானும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் சமணர். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

1944-இல் ஒரு நாள் மிஷின் பெல்ட் அவர் வலது கையை இழுத்துக்கொண்டது. மணிக்கட்டோடு போயிற்று. மயங்கியவரின் தலையை நான் மடியில் தாங்கியிருந்தேன். மேஸ்திரி துரைக்கண்ணு பிராந்தி பாட்டிலோடு ஓடிவந்தான். "வலி தெரியாம இருக்கும்" என்று தாடையைப் பிளந்து ஊற்றினான். உதவி என்றுதான் நினைத்தேன். மிச்சத்தை அவர் சட்டையிலும் தெளித்தபோதுதான் புரிந்தது.

வேலையில் கை போனால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று சட்டம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. குடிபோதையால் அடிபட்டிருந்தால் தரவேண்டியதில்லை என்றும் அதில் இருந்தது. அத்தனை பெரிய சட்டத்தில் எங்கள் முதலாளி கற்றுவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான்.

நஷ்டஈடு வந்தால் பஜாரில் ஒரு கடை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நயினாரும் மனைவி தனலட்சுமியும் நம்பியிருந்தார்கள். அவருக்கோ அதைவிடப் பெரிய கவலை, நாக்கில் பட்ட பிராந்தி. மேல்சித்தாமூர் சமண மடத்தில் போய்ச் சொல்லி, கட்டு அவிழாத கையோடு மூன்று நாள் பட்டினி கிடந்து பிராயச்சித்தம் செய்தார்.

நஷ்டஈட்டுக் கமிஷனர் விசாரணையில் முதலாளியின் வக்கீல் அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி.

"அன்னைக்கு மது உள்ள போச்சா?"

"போச்சுங்க. ஊத்துனாங்க."

"அதுக்குப் பிராயச்சித்தம் பண்ணீங்களா?"

"பண்ணேங்க."

"தப்பு செய்யாதவன் எதுக்குங்க பிராயச்சித்தம் பண்றான்?" என்று வக்கீல் கமிஷனரைப் பார்த்துச் சிரித்தான்.

ஊற்றியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மேஸ்திரி பின்னால் நின்று இருமினான். "தெரியாதுங்க" என்றேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

வழக்கு தள்ளுபடியானது. அதன்பின் நயினார் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் ஒற்றைக் கையோடு செருப்புக்குக் காவல் இருந்தார். ஊரில் அவரைக் குடிகார நயினார் என்றார்கள். என்னைக் கண்டால் மட்டும், "சாப்டியா அமிர்தசாமி?" என்பார். அதற்குப் பதில் அவர் என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம்.

ஐந்து வருஷம் கழித்து அதே மில்லில் மூட்டை அடுக்கு சரிந்து என் கால் நசுங்கியது. துரைக்கண்ணு சொம்போடு ஓடிவந்தான்.

"தண்ணிதான்டா, குடி."

நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் பல்லை இறுகக் கடித்துக்கொண்டேன். நயினாருக்காகத் திறக்காத வாய், அன்றைக்கும் திறக்கவில்லை.