காதர் அண்ணன் கையால் கேட்ட சத்தங்கள்

அன்று காலை பட்டறையின் இரும்புக் கதவைப் பாதிதான் தூக்கியிருந்தேன். கைப்பேசியில் ஜமீலா அண்ணி அழைத்தார். "வசந்தி, ஒங்க அண்ணே மௌத்தாயிட்டாங்கமா. விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எழும்பவே இல்ல." கதவை மறுபடி இறக்கினேன். காருடன் வாசலில் காத்திருந்த சீனரிடம், முதலாளி இறந்துவிட்டார் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வெளியாரிடம் முதலாளி என்பேனே தவிர, அப்துல் காதர் அவர்களை நான் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. பினாங்கில் பாயான் பாரு மின்னணுத் தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடியபோது, வேலை கேட்டு ஜெலுத்தோங்கில் இருந்த அவர் பட்டறைக்கு வந்தேன்.

"காரு பத்தி என்னமா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒயரு, போர்டு, மீட்டரு தெரியும்."

"போதும் லா. எஞ்சின நான் பாக்குறேன், கரண்ட நீ பாரு."

வெகுகாலம் அப்படியே நடந்தது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் எஞ்சின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். கேட்டு முடித்ததும் நேராகக் கோளாறு இருக்கும் இடத்துக்குத்தான் கை போகும்.

பிறகு அவர் எதற்கும் "ஆங்?" என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினார். வயதாகிறது என்று அண்ணியும் நானும் கேலி செய்தோம். ஒருநாள், வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் எஞ்சினில் தட்டும் சத்தம் வருகிறது என்று வந்தார். அண்ணன் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அந்த வாரமே எஞ்சின் இறுகி நடுச்சாலையில் கார் நின்றது. அண்ணன் அதை இழுத்து வந்து தன் பொறுப்பில் முழுவதும் பிரித்துச் சரிசெய்து கொடுத்தார். கார் போன பிறகு என்னிடம் சொன்னார்: "எனக்கு அந்தச் சத்தம் கேக்கலமா. சுத்தமா கேக்கல."

காது நரம்பு போய்விட்டது என்றார்கள் மருத்துவமனையில். பட்டறை இரைச்சல் தின்றது போக மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அன்றிலிருந்து அவருக்குக் காது நான். எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் வாயையே பார்ப்பார்.

"எப்படி சத்தம்?"

"டக் டக்னு வருதுண்ணே."

"எந்த டக்? கதவத் தட்டுற மாதிரியா, கரண்டியால தட்டுற மாதிரியா?"

நாள் முழுக்க இதுதான். சத்தத்துக்கு வார்த்தை தேடுவதைப் போலச் சலிப்பூட்டும் வேலை வேறில்லை. ஒரு மாலை அவராகவே கேட்டார்: "அலுத்துப் போச்சாமா?"

"ஆமாண்ணே."

"எனக்குந்தான் லா." தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். மறுநாளும் எஞ்சின்மேல் கை வைத்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அந்த நாள்களில்தான் சாந்தி என்ற மருத்துவமனைத் தாதி வந்தார். அக்கரையில் சுங்கை பாக்காப்பில் வீடு, இக்கரையில் தீவில் வேலை. அவருடைய கார் பினாங்குப் பாலத்தின் நடுவில் இரண்டு முறை அணைந்திருந்தது. பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, உள்ளே உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். கேம்ஷாஃப்ட் சென்சார் கோளாறு என்று வேறு இடங்களில் அதை மாற்றியும் எச்சரிக்கை விளக்கு திரும்பத் திரும்ப எரிந்தது.

நான் ஒயரைச் சோதித்தேன், பழுதில்லை. சென்சாரும் நன்றாகவே இருந்தது. ஆனால் எஞ்சினுக்குள் ஒத்துச் சுழல வேண்டிய இரண்டு தண்டுகளில், கேம்ஷாஃப்ட்டிலிருந்து வரும் சமிக்ஞை, கிராங்க்ஷாஃப்ட்டின் சமிக்ஞைக்குச் சற்றுப் பின்தங்கி வந்தது. அண்ணன் காரை இரவு பட்டறையிலேயே விட்டுவைக்கச் சொன்னார். மறுநாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு என்னை முடுக்கச் சொன்னார்.

"சொல்லுமா."

"சங்கிலியத் தரையில இழுக்குற மாதிரிண்ணே. இப்ப அடங்கிருச்சு."

அவர் கையை எடுத்தார். "சென்சார் பொய் சொல்லல. ரெண்டு தண்டையும் சேத்து ஓட்டுற டைமிங் செயின் தளந்து போச்சு. பல்லு தாண்டுனா எஞ்சினே போயிரும்."

இரவு வேலை முடித்து சாந்தி வந்தார். அண்ணன் அவரிடம் நேராகச் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்குக் காது கேக்காதும்மா. சத்தத்தக் கேட்டுச் சொன்னது இவங்க. நம்பினா எஞ்சினத் தொறக்குறேன். இல்லன்னா வேற எடத்துல காட்டுங்க, ஆனா அது வரைக்கும் பாலத்துல ஓட்டாதீங்க."

சாந்தி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தொறங்கண்ணே," என்றார். நாற்காலியில் சாய்ந்தவர் சீருடையுடனே உறங்கிப்போனார்.

மூடியைத் திறந்தோம். செயின் தொளதொளவென்று கிடந்தது. அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம் உடைந்திருந்தது. வேலை முடிந்து எழுப்பியபோது அவர் கேட்டார்: "இனிமே நிக்காதாண்ணே?"

"நிக்கவே நிக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். இந்தக் காரணத்தால நிக்காது."

காது கேட்காத மெக்கானிக் என்ற பேச்சு அதன்பின் பரவியது. பழைய வாடிக்கையாளர் சிலர் வரவில்லை. ஏன் சொன்னீர்கள் என்று கோபமாகவே கேட்டேன். "பாலத்துல ஓட்டுற பொண்ணு. தெரிஞ்சுகிட்டு முடிவு பண்ணட்டும்னுதான்," என்றார். அந்தப் பேச்சு அவரை வருத்தியது என்பதை அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். என்னிடம் அவர் காட்டிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம் அவருடைய மகன் காதுக் கருவி வாங்கித் தந்தார். அதை மாட்டிக்கொண்டு அண்ணன் பட்டறைக்கு வந்தார். கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். "இந்த எரைச்சல்லயாமா இத்தன வருஷம் வேல செஞ்சோம்?" நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு கருவியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார். எஞ்சின்மேல் கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுமா."

அவர் இறந்த அன்றே, நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அண்ணனை அடக்கம் செய்ய எடுத்துப் போனார்கள். அடுக்குமாடி வீட்டின் கீழே அண்ணியும் நானும் நின்றோம். மழை தூறத் தொடங்கியிருந்தது. வண்டி மெதுவாகப் பெரிய சாலையில் ஏறி, மற்ற வாகனங்களோடு கலந்து மறைந்தது. அண்ணி என் தோளில் சாய்ந்து, "போய்ட்டாங்களாமா?" என்றார்.

"போய்ட்டாங்க அண்ணி," என்றேன்.

நிம்மதியாக இருங்கள் அண்ணே.