வாத்து நீந்தும் வயல்

எல்லாரும் அதை ஏரி என்கிறார்கள். எனக்கு அது வயல். அப்பா எனக்கென்று விட்டுப்போனது. சுனாமியில் நிலம் தாழ்ந்தது. கடலைத் தடுத்து நின்ற மண் அணை உடைந்தது. உள்ளே வந்த தண்ணீர் இன்றுவரை போகவில்லை.

அணையை மறுபடி கட்டினால் வயல் திரும்பும். நல்ல மழை விழுந்தால் உப்பும் கழுவிக்கொண்டு போகும். எனக்கு அந்த ஒரே நினைப்புதான். பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன்.

என் வீட்டுக்காரர் பாம்பூஃப்ளாட் துறைக்கு ஆள் ஏற்றிப் போகிற போட்டில் கயிறு பிடிக்கிற வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மகன் மெயின்லேண்டில் இருந்து ஒரு கேமரா அனுப்பினான். அப்புறம் விடிந்தால் தண்ணீரோரம்தான். பறவைகளைப் படம் எடுக்க டவுன் பையன்கள் நீட்டு நீட்டு லென்ஸோடு வருவார்கள். அங்கிள், அங்கிள் என்பார்கள். வீட்டில் வாயே திறக்காத மனுசன் அங்கே சிரிப்பார்.

"சாப்பிட வாங்க."

"சத்தம் போடாத. பறவை கலைஞ்சிடும்."

"என் வயல்ல நான் பேசக் கூடாதா?"

"வயலா? எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

அணை விஷயமாக ஒருநாள் அதிகாரி வந்தார். நாங்கள் எல்லாரும் வெயிலில் நின்றோம். தண்ணீரைப் பார்த்தார், உடைந்த இடத்தைப் பார்த்தார். "கட்டலாம் போலதான் இருக்கு" என்றார். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போது என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து கேமராவை நீட்டினார். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வாத்து. பின்னாலேயே குஞ்சுகள். நம்ம தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது சார் என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"எங்க எடுத்தது?"

"இங்கதான் சார். எங்க இடம்தான்."

எங்க இடம். அந்த வார்த்தை அவர் வாயில் அன்றைக்குத்தான் வந்தது.

அதோடு அணைப் பேச்சு நின்றது. பறவை குஞ்சு பொரிக்கிற இடம், கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வயல் பெங்காலிக்காரி என் வாசலுக்கு வந்தாள். "அக்கா, உன் ஆளு நல்லா போட்டோ எடுக்கிறாரு. நெல்லுக்குப் பதிலா அதையே ஆக்கித் தின்னு" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போனேன். ரோட்டோரம் இவர், கூட டவுன் பையன்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். காலுக்கு வரப்பு தட்டியது. அதன் மேலேயே நடந்து நடுவில் போய் நின்றேன். வாத்து, கொக்கு எல்லாம் ஒரே மூச்சில் எழும்பிப் போயின.

"ஏ ஆன்ட்டி, ஹட்டோ!" விலகிப் போகச் சொல்லி ஒருத்தன் கத்தினான்.

இன்னொருத்தன் இவரிடம் ஹிந்தியில் கேட்டான், "யாரு அங்கிள் இந்தப் பொம்பளை?" தண்ணீருக்கு மேலே பேச்சு நன்றாகக் கேட்கும்.

இவர் கேமராவில் இருந்து முகத்தை எடுக்கவில்லை.

"பதா நஹி" என்றார். தெரியாதாம்.

வந்த வழியே கரையேறினேன். வீட்டில் சேலையைப் பிழிந்து காயப்போட்டேன். கப்பலில் வந்த அரிசியைக் களைந்து உலை வைத்தேன். மத்தியானம் வந்து உட்கார்ந்தார். போட்டேன். தின்றார்.

"வாத்து திரும்ப வந்திடுச்சு" என்றார்.