செதூன்யாவின் வினிகர் பாட்டில்

யார் வீட்டுக்குப் போனாலும் செதூன்யா நலம் விசாரித்தபடியே கெட்டிலின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பாள். "அடியில முட்டை ஓடு மாதிரி படிஞ்சிருக்கு. இதுலயா எனக்கு டீ போடப்போற?" என்பாள். பதில் வருவதற்குள் கைப்பையிலிருந்து வினிகர் பாட்டில் வெளியே வந்துவிடும்.

கலஹாரிப் பாலைவன மணலுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. எங்கள் கான்சி ஊரில் எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தப் பாறைத் தண்ணீர்தான். சோப்பு நுரைக்காது, துவைத்த சட்டை காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டுபவள், வீட்டுக்கு வந்தும் விடுவதில்லை. வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை ஷவரின் முகத்தில் கட்டியிருப்பாள். "அதுக்குப் பல்வலி, மருந்து வச்சிருக்கேன்," என்பாள். தலைக்கு மழைத்தண்ணீர் மட்டும்தான். அதைப் பிடித்து வைக்கும் பீப்பாயைப் பக்கத்து வீட்டுக்காரி நான்கூடத் தொட முடியாது.

போன குளிர்காலத்தில் அவள் தம்பி மகனுக்குப் பெண் கேட்கப் போனோம். "அங்க போய்க் கெட்டிலை நோண்டின, சம்பந்தமே முறிஞ்சிடும்," என்று அவள் அண்ணன் மொலேஃபி வழியெல்லாம் எச்சரித்தார். தலையாட்டினாள்.

டீ வந்தது. மேலே வெள்ளைச் செதில்கள் மிதந்தன. செதூன்யா கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு குடித்துவிட்டாள். மொலேஃபியோ ஒரு செதிலை விரலால் எடுத்துக் காட்டி, "பொண்ணை இந்தச் சுண்ணாம்பைக் கொடுத்துத்தான் வளர்த்தீங்களா?" என்று சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. பெண்ணின் அம்மா கொராதா தலையைக் குனிந்தபடி அடுக்களைக்குள் போனாள். பெண்ணின் தாய்மாமன் பதிலுக்கு ஏதோ சொல்ல, வார்த்தை தடித்தது.

செதூன்யா எழுந்து அடுக்களைக்குப் போனாள், நானும் போனேன். கொராதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கும் இதே தண்ணிதான் சம்பந்தி. பேசுறாரே, அவர் வீட்டுக் கெட்டிலைத் தேய்ச்சுக் கொடுக்கிறதே நான்தான்," என்றாள் செதூன்யா.

வினிகரை ஊற்றிக் கொதிக்கவிட்டோம். செதில்கள் பொரிந்து கழன்றன. கொராதாவே கரண்டிக் காம்பால் மிச்சத்தைச் சுரண்டினாள். "எவ்வளவு கல்லு! வீடே கட்டலாம் போல," என்றாள். அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

நன்றாக அலசிப் புது டீ போட்டு எடுத்து வந்தபோது, தாய்மாமன் தொப்பியும் கையுமாக வெளியேற நின்றுகொண்டிருந்தார்.

"கெட்டில் சுத்தமாயிடுச்சு அண்ணே," என்றாள் செதூன்யா, மொலேஃபியைப் பார்த்து. "உன் வாயைக் கழுவத்தான் வினிகர் பத்தல."

தாய்மாமன் வாய்விட்டுச் சிரித்தார். மொலேஃபி எழுந்து மன்னிப்புக் கேட்டார். செதூன்யா தாய்மாமனின் தொப்பியை மெல்ல வாங்கிக்கொண்டு, காலியான கையில் டீயைக் கொடுத்தாள். பிறகு தொப்பியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.