வாயப்பயம்

மேல்வரிசையில் ஏழு பற்கள் போய்விட்டன, எட்டாவதும் ஆடுகிறது. ‘ழ’ நழுவிவிடுமோ என்ற கவலையில் அடிக்கடி ‘வாழைப்பழம்’ என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் காலம். எனக்கு ஆறு வயது. பிறவியிலேயே நாக்கு வாயின் அடியோடு ஒட்டியிருந்தது. எங்கள் நெமிலிச்சேரி வழியாகப் போகும் ரயிலை ‘யயியு’ என்பேன். பேச்சு திருந்தினால்தான் பள்ளியில் சேர்ப்பேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அப்பா வண்டி கட்டிப் பூந்தமல்லி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். நாக்கைத் தூக்கி, அடியிலிருந்த சவ்வைக் கத்தரியால் வெட்டினார். எறும்பு கடித்ததுபோல் இருந்தது. பிறகு வாயெல்லாம் உப்புக் கரித்தது. புண் ஆறியதும் வந்து ‘வாழைப்பழம்’ என்று திருத்தமாகச் சொல்ல வேண்டும், மறுபடி ஒட்டியிருந்தால் இன்னொரு வெட்டு என்றார்.

வீட்டில் ஆறின கஞ்சிதான். நாக்கு ஒட்டிக்கொள்ளாமலிருக்க, அம்மா மேலுதட்டில் தேன் தடவி நக்கச் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் பாடம். அப்பா, அம்மா, மாமா மூவரும் மாறிமாறிச் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் அவர்கள் சொன்னபடியே அச்சாக எனக்கும் வந்துவிட்டது.

மறுபடி போனோம். டாக்டர் கேட்டதும் உரக்கச் சொன்னேன்:

“வாயப்பயம்.”

அவர் முகம் சுருங்கியது. நாக்கைத் தூக்கி, விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். தட்டில் கத்தரி பளபளத்தது.

“கரெக்டாத்தானே சொல்றான் சாமி? இன்னா தப்பு கீது?” என்றார் அப்பா.

டாக்டர் நிமிர்ந்தார். “எங்கே, நீர் சொல்லும்.”

“வாயப்பயம்.”

டாக்டர் கத்தரியை எடுத்து அலமாரியில் வைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு என்னை ‘ரயில்’ என்று சொல்லச் சொன்னார். ‘ரயிலு’ என்றேன். நாக்கு சரியாகிவிட்டது, பள்ளியில் சேர்க்கலாம் என்றார்.

திரும்பும்போது அப்பா மாட்டைக்கூட அதட்டவில்லை. வாய்க்குள்ளேயே ஏதோ முணுமுணுத்தார், நாக்கை மடித்துப் பார்த்தார், மறுபடி முணுமுணுத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். பாவம், அடுத்த வெட்டு அவருக்கு. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து தைரியம் சொன்னேன்.

“பயப்படாதே நைனா. எறும்பு கடிக்கிற மாரிதான் இருக்கும். அப்பால தேன் குடுப்பாங்க.”

அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நெமிலிச்சேரி வரும்வரை திருப்பவேயில்லை. வெட்டென்றால் இவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.